தேரி மணலில் புதைந்த வண்டியும் 10 டன் பட்டையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி மணலில் நின்ற நேரம் ஒன்றே முக்கால் மணி. அதில் முதல் ஐந்து நிமிடம் நானே அதைப் புதைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முக்கால் மணி நேரம் தவறான பொருளை வைத்துக்கொண்டு தவறான முறையில் இழுத்தோம். மிச்ச நேரத்தில் இரண்டு மண்வெட்டியும் பத்துப் பன்னிரண்டு பனைமட்டையும் வேலையை முடித்தன.

நாங்கள் வெறுங்கையோடு போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. டிக்கியில் ஒரு சிவப்புப் பை இருந்தது. "முழு மீட்புத் தொகுப்பு" என்று இணையக் கடையில் விற்கிறார்களே, அது. இரு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்த 10 டன் இழுவைப் பட்டை ஒன்று, பட்டையை வண்டியோடு பூட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள் இரண்டு, ஒரு ஜோடி கையுறை, ஒளிரும் முக்கோணம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு வாங்கியது. பொறுப்பான குடும்பத் தலைவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வாங்கியது. அந்தப் பை எங்களைக் காப்பாற்றவில்லை. அந்தப் பையாலேயே என் மகளுக்கு அடிபட்டிருக்கக்கூடும்.

இடமும் வண்டியும்

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே என் மனைவியின் பெரியப்பாவுக்கு ஒரு பனைவிளை இருக்கிறது. பனையும் கொல்லாமரமும் (முந்திரி) ஓரத்தில் உடைமரமுமாக ஏழெட்டு ஏக்கர். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் அங்கே கூடாரம் அடித்து மூன்று இரவு தங்குவது என்று முடிவு செய்தோம். பக்கத்திலேயே இருக்கும் குதிரைமொழித் தேரி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அங்கே வண்டியை ஏற்றக் கூடாது என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொந்தக்காரர் விளை, தார்ச்சாலையிலிருந்து அறுநூறு மீட்டர் மண்பாதை. இதற்கெல்லாம் "ஆஃப்ரோடு" என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள். ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட அறுநூறு மீட்டரில்தான்.

தேரி மணலைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. காற்று குவித்த மணல் அது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்று காலங்காலமாகக் கிளப்பிச் சேர்த்தது. மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் செக்கச்செவேல் என்றிருக்கும். காற்றில் உருண்டு தேய்ந்த மணி என்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. ஈரமாக இருந்தால் மணிகளுக்கு இடையில் உள்ள நீர் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். அப்போது நடந்தால் கால்தடம் தெளிவாக விழும். காய்ந்துவிட்டால் கணுக்கால் வரை இறங்கும். எங்கள் கதை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வண்டி ஐந்து பேர் உட்காரும் சிறிய எஸ்யூவி வகை. பெயரில்தான் எஸ்யூவி, இழுப்பது முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே. கை கியர். வெறும் வண்டியின் எடை 1,250 கிலோ. நான், மனைவி, அம்மா, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன் என்று ஐந்து பேருக்கு 260 கிலோ வைத்துக்கொள்ளலாம். கூடாரம், தண்ணீர்க் கேன்கள், அடுப்பு, பாத்திரம், அம்மா உடன்குடியில் வாங்கிக் குவித்த கருப்பட்டி எல்லாம் சேர்ந்து 150 கிலோ இருக்கும். ஆக 1,660 கிலோ. இந்த எண்ணுக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

நடந்தது

வெள்ளிக்கிழமை மாலை உள்ளே போனோம். இரண்டு நாள் முன்பு நல்ல மழை. மண்பாதை சிமென்ட் போட்டதுபோல் கிடந்தது. சக்கரத்தில் 33 பவுண்டு காற்று, அதாவது சாலைக்கு உரிய அளவு. எந்தச் சிக்கலும் இல்லாமல் விளை நடுவே போய் நிறுத்தினோம்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளம்பினோம். இடைப்பட்ட நாட்களில் வெயிலும் காற்றும் மேல்மணலை ஒரு சாண் ஆழத்துக்கு உலர்த்திவிட்டிருந்தன. வந்த வழியிலேயே போகிறோம் என்ற தைரியம் எனக்கு. நூற்றைம்பது மீட்டர் தாண்டியதும் இரண்டு கொல்லாமரங்களுக்கு நடுவே லேசான ஏற்றம், அங்கே ஒரு வளைவு. வளைவுக்காக வேகத்தைக் குறைத்தேன். முன்சக்கரம் சுழன்றது. சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலின் விளக்கு மினுக்கியது, எஞ்சின் மூச்சுத் திணறியது. அந்த வசதியை அணைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இம்முறை எஞ்சின் திணறவில்லை. சக்கரம் நன்றாகத் தோண்டியது.

இங்கே நின்றிருந்தால் இரண்டங்குலப் பள்ளம்தான். பின்னால் நகர்த்தி வெளியே வந்திருக்கலாம். நான் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி மிதித்தேன். கிளட்ச் கருகும் வாடை வந்த பிறகுதான் இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரங்கள் அச்சு வரை இறங்கி, வண்டியின் வயிறு மணல் மேல் படுத்திருந்தது. சக்கரத்தின் மேல் இருக்க வேண்டிய எடை இப்போது வயிற்றின் மேல் இருக்கிறது. சக்கரம் இனி எவ்வளவு சுழன்றும் பயனில்லை.

சிவப்புப் பையைத் திறந்தேன். பட்டை இருந்தது, மாட்ட இடம் இல்லை. இப்போதைய கார்களில் முன் பம்பரில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைப் பெயர்த்தால் திருகுப் பள்ளம் தெரியும். அதில் திருகி மாட்டும் இழுவை வளையம் ஜாக்கியோடு சேர்த்து டிக்கியின் அடியில் கிடக்கும். கிடந்தது, மேலே கருப்பட்டி. சாமான் முழுவதையும் மணலில் இறக்கி எடுத்தோம். வளையம் வலப்பக்கம் திருகினால் ஏறவில்லை. பல வண்டிகளில் போல இதிலும் அது இடப்பக்கத் திருகு என்று புரியப் பத்து நிமிடம் ஆனது.

விளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அடுத்த தோட்டத்திலிருந்து டிராக்டரைக் கூட்டிவந்தார். பாதை வளைவதால் டிராக்டர் நேர் எதிரே நிற்க முடியவில்லை, ஓரமாகச் சாய்ந்து நின்றது. பட்டையின் ஒரு கொக்கியை வளையத்திலும் மறு கொக்கியை டிராக்டரின் பின்னாலும் மாட்டினோம். முதல் இழுப்பில் வண்டி அசையவில்லை. டிராக்டர் ஓட்டிய அண்ணாச்சியிடம், "கொஞ்சம் பின்னால் வந்து வேகமாக இழுங்கள்" என்று சொன்னது நான்தான். இந்த ஆய்வில் மறைக்க விரும்பாத வாக்கியம் அது.

இரண்டாவது இழுப்பில் வளையம் வளைந்து பம்பரை விரிசல் விட்டது. மூன்றாவதில் டிராக்டர் பக்கக் கொக்கி நழுவியது. இழுபட்டிருந்த பட்டை திரும்பி வந்து, கொக்கி வண்டியின் இடப்பக்கத்தில் மணலைக் குத்திக்கொண்டு நின்றது. கால்மணி நேரம் முன்பு வரை அந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி என் மகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் அதட்டிப் பிள்ளைகளைப் பனைகளுக்கு அப்பால் அனுப்பியிருந்தார். அவரிடம் எந்தக் கருவிப்பையும் இல்லை.

அண்ணாச்சி டிராக்டரை அணைத்தார். "சார், இது இழுவை இல்லை, உழவு. உங்கள் வண்டியே ஏர்போல மண்ணைக் கீறிக்கொண்டு வருகிறது. முதலில் வயிற்றுக்கு அடியில் உள்ள மண்ணை எடுங்கள்" என்றார். பிறகு சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதில் எவ்வளவு காற்று? என் பின்சக்கரத்தில் 14 பவுண்டுதான் இருக்கிறது."

அதன் பிறகு நடந்தவை சுருக்கமானவை. குனிந்து இரண்டு பேர் மண்வெட்டியால் வயிற்றுக்கு அடியிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் மணலை இழுத்து வெளியேற்றினோம். ஒரு குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினோம். அளவுமானி இல்லாததால் மனதுக்குள் எண்ணி எண்ணி இறக்கினேன். சக்கரங்களுக்குப் பின்னால் காய்ந்த பனைமட்டைகளை ஓலையோடு நெருக்கி அடுக்கினோம். முன்னே போகும் ஆசையை விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்தேன். சக்கரம் மட்டையைக் கவ்வியது. வண்டி நான்கு மீட்டர் பின்னால் வந்து கெட்டியான இடத்தில் நின்றது. அங்கிருந்து வளைவைத் தவிர்த்து, பெரியவர் காட்டிய நேர் வழியில், நிற்காமல், இரண்டாம் கியரில் ஒரே மூச்சாகத் தார்ச்சாலை. கடைசியில் டிராக்டர் இழுக்கவே இல்லை.

பெட்ரோல் பங்க் வரை மெதுவாக ஓட்டிப் போய் அளந்தபோது முன் இடது சக்கரத்தில் 14 பவுண்டு, முன் வலதில் 19. மனக்கணக்கின் துல்லியம் அவ்வளவுதான். மறுநாள் காலை பின்சக்கரம் ஒன்று தட்டையாகக் கிடந்தது. உள்ளே ஓர் உடைமுள், விரல் நீளம்.

கணக்கு

ஊருக்குத் திரும்பிய பிறகு, எந்தக் கருவி நல்ல கருவி என்று தேடுவதை நிறுத்திவிட்டு, அன்று அந்த வண்டியை நகர்த்த எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று தேடினேன். ராணுவங்களின் வண்டி மீட்புக் கையேடுகளில் நெடுங்காலமாக ஒரு கைக்கணக்கு இருக்கிறது. சக்கரம் வரை புதைந்த வண்டியை இழுக்க, அதன் முழு எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. எங்கள் வண்டி முதல் வகை. ஆக 1.6 டன்னுக்குக் குறையாத இழுவை. அதை ஒற்றை வளையத்தில், அதுவும் பக்கவாட்டாக, இழுத்திருக்கிறோம்.

அந்த வளையம் எதற்காக? பழுதான வண்டியைச் சாலையில் உருட்டிக்கொண்டு போக. தார்ச்சாலையில் உருளும் வண்டியின் தடை அதன் எடையில் நூற்றில் ஒன்று, ஒன்றரை. 1,660 கிலோ வண்டிக்கு 25 கிலோ வைத்துக்கொள்ளலாம். ஏற்றம், பிரேக், சிறு குலுக்கல் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தே வளையத்தைச் செய்திருப்பார்கள். ஆனால் புதைந்த வண்டியை வெட்டி இழுப்பது அந்தக் கணக்கிலேயே வராது. எங்கள் வண்டியின் கையேடு, அதிர்ச்சி தரும் இழுப்புக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தெளிவாகவே சொல்கிறது. நான் அதைப் படித்தது சம்பவத்துக்குப் பிறகு.

தளர்ந்த மணலில், வயிறு படாமல் சக்கரத்தில் நிற்கும் வண்டியின் தடை எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மணல் நெகிழ்வையும் சக்கரத்தின் காற்றையும் பொறுத்து இது கூடும், குறையும். அப்படியென்றால் மண்வெட்டியால் தோண்டிய அரைமணி நேரத்தில் 1,600 கிலோ தேவையை நாங்கள் 400 கிலோவாகக் குறைத்திருக்கிறோம். காற்றை இறக்கியதும் அது இன்னும் இறங்கியது. காற்று குறைந்த டயர் தட்டையாகி நீள்கிறது. அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால் மணலுக்குள் இறங்காமல் மேலே ஏறி ஓடுகிறது. ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் இதற்குத்தானே.

இதற்கு எதிர்த்திசையில் நான் செய்ததைப் பாருங்கள். டிராக்டர் 2,000 கிலோ. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பட்டையை விறைக்க வைத்தால் அதிலுள்ள ஆற்றல் சுமார் 7,700 ஜூல். ஒரு டன் எடையை முக்கால் மீட்டர் தூக்கப் போதுமானது. 20 கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, சுமார் 31,000 ஜூல். "கொஞ்சம் வேகமாக இழுங்கள்" என்ற சொல்லில் அந்தக் "கொஞ்சம்" இவ்வளவு பெரியது. அத்தனை ஆற்றலும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். வளையத்தை வளைத்தது, பம்பரை உடைத்தது, மிச்சம் கொக்கியோடு பறந்து வந்தது.

10 டன் என்ற எண்

வண்டியை வேகத்தோடு இழுத்து மீட்பதற்கென்றே ஒரு வகைப் பட்டை இருக்கிறது. ஸ்நாட்ச் ஸ்ட்ராப் என்பார்கள். நைலானால் ஆனது. இழுக்கும்போது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு, பிறகு ரப்பர்போல மெல்லச் சுருங்கி வண்டியை வெளியே எடுக்கும். அதிர்ச்சியை உள்வாங்குவதே அதன் தொழில். என் பையில் இருந்ததோ பாலியஸ்டர். ஏறக்குறைய நீளவே நீளாது. நிதானமாக இழுத்துச் செல்ல நல்லது, வெட்டி இழுக்க ஆபத்து. பையின் மேல் அச்சிட்டிருந்த படத்தில் ஒரு ஜீப் மணலைப் பறக்கவிட்டு வெளியே வருகிறது. படத்தை நம்பினேன்.

சரி, நைலான் பட்டையாகவே இருந்திருந்தாலும் 10 டன் பொருந்தியிருக்குமா? பாலைவனமும் கடற்கரையும் நிறைந்த ஆஸ்திரேலியாவில் இந்தப் பட்டைகளால் உயிர்ச்சேதம் நேர்ந்ததால் 2010-இல் அரசே லேபிள் விதி கொண்டுவந்தது. பட்டை அறுபடும் வலிமை, இரண்டு வண்டிகளில் இலகுவான வண்டியின் அதிகபட்ச மொத்த எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்கே பட்டையோடு வரும் அறிவுரை. என் வண்டிக்கு அந்த அதிகபட்ச எடை 1,700 கிலோ. ஆக 3.4 முதல் 5.1 டன். 10 டன் பட்டை என் வண்டிக்கு நீளாது. விறைத்த கம்பிபோல நின்று, அதிர்ச்சி முழுவதையும் வளையத்திடம் ஒப்படைத்துவிடும். வலிமை கூடக் கூடப் பாதுகாப்பு கூடும் என்ற நம் வழக்கமான எண்ணம் இங்கே தலைகீழாகிறது. கல்யாண வீட்டில் பாத்திரம் பெரிதாக இருந்தால் நல்லது, இங்கே அப்படியில்லை.

ஷாக்கிள்களைப் பார்த்தேன். நல்ல ஷாக்கிளின் உடலிலேயே பாதுகாப்பாகத் தாங்கும் எடை புடைப்பாக எழுதியிருக்கும். முக்கால் அங்குல வில் ஷாக்கிள் என்றால் வழக்கமாக 4.75 டன். என் பையில் இருந்தவற்றில் "ஹெவி டியூட்டி" என்று ஒட்டுத்தாள் இருந்தது. தண்ணீர் பட்டதும் அது உரிந்துவிட்டது. கொக்கிகளைப் பற்றி ஒன்றே சொல்வேன். விசை ஏறிய பட்டையின் முனையில் திறந்த இரும்புக் கொக்கி இருக்கக் கூடாது. அதே காரணத்துக்காக, டிரெய்லர் இழுக்கும் இரும்புக் குண்டில் பட்டையை மாட்டவும் கூடாது. குண்டு முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

எதை வாங்கினேன், எதை விட்டேன்

இழுவையைக் கூட்டும் பொருளைவிடத் தடையைக் குறைக்கும் பொருளுக்கு முதல் பணம் என்று வைத்துக்கொண்டேன். என் போன்ற வண்டிக்கு, அதாவது உறுதியான மீட்பு முனைகள் இல்லாத, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் குடும்ப வண்டிக்கு, இந்த வரிசையை மாற்றினால் நான் சிக்கிய இடத்தில்தான் சிக்குவீர்கள்.

முதல் பொருள் காற்று. அளவுமானி ஒன்று, பேட்டரியில் நேராகக் கவ்வும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று. காற்றை இறக்கக் குச்சி போதும். திரும்ப ஏற்ற வழி இல்லாவிட்டால் யாருக்கும் இறக்க மனம் வராது, அதனால்தான் கம்ப்ரஸர். மணலில் 18 பவுண்டு, மாட்டிக்கொண்டால் 15. அதற்குக் கீழே போய்ச் சட்டென்று திருப்பினால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். இறக்கிய காற்றோடு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் நிரப்பிவிட வேண்டும். கூடவே டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் பெட்டி. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் புடைத்து நிற்கும், உடைமுள் அங்கேயும் ஏறும். பக்கச்சுவரில் ஏறினால் ஒட்ட முடியாது, ஸ்டெப்னிதான். ஆகவே ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்ப்பதும் மீட்புக் கருவியில் அடக்கம்.

இரண்டாவது மண்வெட்டி. இதில் எனக்கு ஒரு பெருமிதமும் உண்டு. வெளிநாட்டுப் பட்டியல்கள் எல்லாம் நீளக் காம்பு வைத்த ஷவலைச் சிபாரிசு செய்கின்றன. அது தள்ளி அள்ளும் கருவி. வண்டிக்கு அடியிலிருந்து மணலை எடுக்க வேண்டியது இழுத்து அள்ளும் கருவி, அதாவது நம் மண்வெட்டி. ஒரே குறை, ஓங்கி வெட்ட வண்டிக்கடியில் இடம் இல்லை. மணலை வெட்ட வேண்டாம், வாரினால் போதும். உடன்குடியில் ஒரு பட்டறையில் காம்பைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். அது இப்போது சமையல் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்வாக அமர்ந்துகொள்கிறது. படுத்துத் தோண்ட ஒரு தார்ப்பாய்த் துண்டும் அதோடு.

மூன்றாவது, சக்கரத்தின் கீழ் போடும் பலகை. இதன் வரலாறு சுவையானது. 1920-களின் பிற்பகுதியில் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எகிப்திலிருந்து லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிப் போனபோது, நீளவாக்கில் பள்ளமாக வளைத்த பழைய இரும்புத் தகடுகளைச் சக்கரத்தடியில் போட்டு மீண்டார். டயர் காற்றை இறக்குவதும் அவர் கையாண்ட உத்திதான். இரண்டாம் உலகப் போரில் 1940-இல் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையும் அந்தத் தகடுகளோடு போனது. இன்று விற்கும் பிளாஸ்டிக் பலகை ஆஸ்திரேலியாவில் 2005-இல் மேக்ஸ்ட்ராக்ஸ் என்ற பெயரில் பிறந்தது. இப்போது பல விலையில் பல நகல்கள் கிடைக்கின்றன. மலிவானவற்றின் பற்கள், சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றால் சூட்டில் உருகி வழவழப்பாகிவிடும். விலை கூடினதிலும் நடக்கும், கொஞ்சம் தாமதமாக. ஆக, பலகை மேல் சக்கரம் மெதுவாக ஏற வேண்டும். வாங்கியது நடுத்தர விலையில் ஒரு ஜோடி. பனைவிளைக்குள் போவதற்கு அதுவும் தேவையில்லை என்பேன், மட்டை எங்கும் கிடக்கிறது. மணப்பாடு கடற்கரைப் பக்கம் பனைமட்டை தேடி அலைய முடியாது என்பதால் வாங்கினேன். கார் மிதியடியைச் சக்கரத்தடியில் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. சக்கரம் அதைப் பின்னால் நிற்பவர் முகத்தில் வீசும்.

நான்காவது, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரப் பிளைவுட் துண்டு. காரோடு வரும் ஜாக்கி மணலில் வண்டியைத் தூக்காது, தானே இறங்கிக்கொள்ளும். தச்சுவேலை மிச்சத்தில் கிடைத்த பலகை, செலவு இல்லை. உயரமாகத் தூக்கும் நெம்பு ஜாக்கிகளை விட்டேன். சேஸி இல்லாத என் வண்டியில் அதைக் கொக்கி போட உறுதியான இடமே கிடையாது.

இழுவைப் பொருள் கடைசியில். 5 டன் பாலியஸ்டர் பட்டை ஒன்று, கொக்கியில்லாமல் இரு முனையிலும் தைத்த கண்ணோடு. இரும்புக்குப் பதில் கயிற்றால் பின்னிய மென்ஷாக்கிள் இரண்டு. அறுந்தாலும் இவை இரும்புத் துண்டாகப் பறக்காது. தோண்டி, காற்றிறக்கி, பலகை போட்ட பிறகும் நகராத வண்டிக்கு, டிராக்டர் ஊர்ந்து செல்லும் வேகத்தில், நேர்கோட்டில் மட்டும். அப்போதும், அறுந்தால் எகிறாமல் இருக்க, பட்டையின் நடுவில் ஒரு கனமான ஈரச் சாக்கு தொங்க வேண்டும். பிள்ளைகள் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஸ்நாட்ச் ஸ்ட்ராப் வாங்கவில்லை. என் வண்டிக்கு அதை மாட்ட இடமே இல்லை, பொருளைக் குறை சொல்லவில்லை.

வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் மின் வின்ச் பற்றிப் பலர் கேட்டார்கள். அதை ஏற்ற இரும்பு பம்பர் வேண்டும். வண்டியின் முன்னால் அப்படிப் பொருத்தும் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. குடும்ப வண்டிக்கு அந்தத் தலைவலி வேண்டாம். மின்கம்பம் நடுபவர்கள் வைத்திருக்கும் கையால் இழுக்கும் டிர்ஃபர் கருவி மனதைக் கவர்ந்தது. கம்பிவடத்தோடு 20 கிலோவுக்கு மேல் என்றதும் அம்மாவின் கருப்பட்டி வென்றது.

திரும்பப் போய்ப் பார்த்தது

பிப்ரவரியில் மைத்துனரோடு மட்டும் அதே விளைக்குப் போனேன். பெரியவர் ஒரு பனையடியில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். அதே வளைவு, அதே காய்ந்த மணல். 33 பவுண்டில் ஏறியபோது வளைவுக்கு முன்பே சக்கரம் சுழன்றது. உடனே நிறுத்தினேன். 18-க்கு இறக்கி மறுபடி போனபோது, பலகையும் இல்லை, பட்டையும் இல்லை, வண்டி வளைவைக் கடந்துவிட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும். பலகைகளை எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. ஆசைக்காக வேண்டுமென்றே புதைத்துப் போட்டுப் பார்த்தோம். முதலில் பலகையைச் சக்கரத்தின் முன்னால் மணல் மேல் வைத்துவிட்டேன், சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போனது. சக்கரத்தின் அடியில் சரிவாகத் தோண்டி, நுனியை உள்ளே திணித்த பிறகுதான் ஏறியது.

தோற்ற இடமும் உண்டு. நண்பரிடம் இரவல் வாங்கிய இன்னொரு கம்ப்ரஸர் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டுவது. ஒப்பிடலாம் என்று எடுத்துப் போனோம். மூன்றாவது டயரில் வண்டியின் ஃபியூஸ் போய்விட்டது, கைப்பேசி சார்ஜும் அதோடு. பேட்டரியில் கவ்வும் என் கம்ப்ரஸர் டயருக்கு நான்கு நிமிடம் போல எடுத்துக்கொண்டு நான்கையும் நிரப்பியது. சூடு தணிய நடுவில் ஒருமுறை நிறுத்தினோம்.

இழுவை வளையத்தைப் புதிதாக வாங்கினேன். கிரீஸ் தடவி, ஸ்பேனரோடு ஓட்டுநர் கதவின் பையில் போட்டிருக்கிறேன். பழைய 10 டன் பட்டையின் கொக்கிகளை வெட்டி எறிந்தாயிற்று. பட்டை விளையில் ஊஞ்சல் கட்டப் பயன்படுகிறது.

இவ்வளவும் மணலுக்குச் சொன்னவை. விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு இன்னொரு உறவினர் நிலம் இருக்கிறது, அது கரிசல். மழை பெய்த கரிசல் டயரின் வரிகளுக்குள் மாவுபோல அப்பிக்கொள்ளும், சக்கரம் வழவழப்பான உருளையாகிவிடும். காற்றை இறக்கினால் கூடுதலாக அப்புகிறது. பலகையின் பற்களும் நாலு உருளலில் மூடிக்கொள்கின்றன. ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, அங்கே மழை பெய்தால் வண்டியைத் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்திக் கூடாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கிறோம்.